செங்கேணியின் பொர்த்ரே

புதுச்சேரியில் கடற்கரைக்கு இரண்டு தெரு உள்ளே ஒரு படக் கண்காட்சி நடக்கிறது. ஐந்நூறு வருடத்துக்கு முன்னால் இத்தாலி நாட்டில் ஊரை ஆண்ட குடும்பங்கள் தங்களை எப்படி வரைந்து வைத்துக்கொண்டன என்று ஒரு கூடம். நம்மூர்ப் பெரிய வீடுகள் தங்களை எப்படி வரைந்து வைத்துக்கொண்டன என்று அதை ஒட்டியே இன்னொரு கூடம். மாசி மாதத்தில் ஒரு புதன்கிழமை போய்வந்தேன். போக நினைக்கிறவர்களுக்கு உதவட்டும் என்று சொல்கிறேன். நான் பள்ளிக்கூடம் போகாதவன். நான் சொல்லச் சொல்ல என் மருமகள் தட்டுகிறாள். தப்பு இருந்தால் பாதி அவளுடையது.

சேதராப்பட்டு டீக்கடையில்தான் விஷயம் தெரிந்தது. என் மனைவியின் தம்பி கோதண்டம் தினமும் அங்கே பேப்பரைச் சத்தம் போட்டுப் படிப்பான், நான் கேட்பேன். அன்றைக்கு நடுவில் நிறுத்தினான். “மாமா, ரெட்டியார்பாளையம் மேர் வீட்டுப் படமும் வெச்சிருக்காங்களாம். குடும்பமா நிக்கற பெரிய படம்.” பிரெஞ்சுக்காரன் காலத்தில் ஊர்த் தலைவரை மேர் என்போம். டீயைக் குடிக்காமல் எழுந்துவிட்டேன்.

அந்தப் படத்தில் என் அக்கா இருக்கிறாள். செங்கேணி அக்கா. மேர் வீட்டில் வேலை செய்தவள். கல்யாணமாகி, தலைப்பிரசவத்தில் போய்ச் சேர்ந்துவிட்டாள். அவளை யாரும் போட்டோ எடுத்ததில்லை. என் ஞாபகத்தில் இருக்கிற முகத்தைத் தவிர வேறு எங்கேயும் அவள் இல்லை. எனக்கோ எண்பது தாண்டிவிட்டது. கண் பிரஷரில் இடது கண் போய்விட்டது. வலது கண்ணில் மிச்சம் ஒரு குழாய் அளவு. எதிரே இருப்பவரின் மூக்கைப் பார்த்தால் காது தெரியாது. சொட்டு மருந்து விட்டு அதைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன். அந்தக் குழாய் அடைபடுவதற்குள் அவள் முகத்தை ஒருதரம் பார்த்துவிட வேண்டும். போனதற்குக் காரணம் இவ்வளவுதான்.

சேதராப்பட்டிலிருந்து டவுனுக்குப் பதிமூன்று கிலோமீட்டர் இருக்கும். காலை எட்டேகாலுக்கு ஒரு தனியார் பஸ் வருகிறது. நாங்கள் ஏறிய நாளில் டிக்கெட் இருபது ரூபாய். கம்பெனி ஷிஃப்டுக்கு வந்து இறங்குகிற கூட்டம் வழிவிட்டால் உட்கார இடம் கிடைக்கும். எங்களுக்குக் கிடைத்தது, ஆனால் நான் உட்காரவில்லை.

“குந்துங்க மாமா. நீங்க நின்னுக்கிட்டு வந்தா பஸ் சீக்கிரம் போயிடுமா?” என்றான் கோதண்டம்.

“போவட்டுமேடா. உனுக்கு என்னா?”

“எனுக்கு என்னாவா? பிரேக் போட்டா என் மடியிலதான் வுழுவீங்க. அக்கா எங்கிட்டதான் உங்கள முழுசா திருப்பிக் கொண்டாந்து வுடச் சொல்லியிருக்குது.”

நேராக பஸ் ஸ்டாண்டு போய் இறங்குவதுதான் சரியான வழி. நீங்கள் அப்படியே செய்யுங்கள். எனக்கு மனசு ஓரிடத்தில் நிற்கவில்லை. படத்தைப் பார்ப்பதற்கு முன்னால் மேர் வீடு இருந்த இடத்தை ஒருமுறை பார்த்துவிடத் தோன்றியது. கோரிமேடு தாண்டி, விழுப்புரம் ரோடு பிரிகிற சிக்னலில் இறங்கி, வேறு பஸ் பிடித்து ரெட்டியார்பாளையம் போனோம். இதில் ஒரு மணிநேரத்துக்கு மேல் வீண்.

வீடு இல்லை. கீழே சோபா விற்கிற கடை, மேலே மூன்று மாடிக்கு வாடகைக் குடித்தனம். மேர் வண்டி நிற்கிற வேப்பமரம் இருந்த இடத்தில் ஏ.டி.எம். எதிரே டீ சொல்லிவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். நாங்கள் அந்த வீட்டு நிலத்தில் வேலை செய்தவர்கள். கொல்லைப்பக்கம் இருந்த வாசல் வரைக்கும்தான் எனக்குப் பழக்கம். அக்கா மட்டும் உள்ளே கூடம் வரைக்கும் போகிறவள்.

நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிரெஞ்சுக்காரன் போவானா இருப்பானா என்று ஊரே இரண்டாகப் பிரிந்து கிடந்த சமயம் அது. மேர் பிரெஞ்சுக்காரன் பக்கம். சைகோனில் படம் வரையக் கற்றுக்கொண்டு வந்த ஒருவரைக் கூப்பிட்டு, குடும்பத்தோடு நின்று வரையச் சொல்லியிருக்கிறார். பக்கத்தில் தாம்பாளம் ஏந்தி ஒரு வேலைக்காரப் பெண் நின்றால் நன்றாக இருக்கும் என்று அக்காவையும் நிற்கவைத்திருக்கிறார்கள். அவளுக்குப் பதினைந்து வயது இருக்கும். எனக்கு ஏழோ எட்டோ. சில நாள் நின்றுவிட்டு, ஒரு சாயங்காலம் ஆசை ஆசையாக அம்மாவிடம் வந்து சொன்னாள். அந்தப் பேச்சு இன்னும் என் காதில் இருக்கிறது.

“அம்மா, மேர் வூட்ல என்னை பொர்த்ரே பண்றாங்கம்மா.”

அடுப்பை ஊதிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்தாள். “என்னாடி பண்றாங்க? போர்த்தறாங்களா?”

“ஆமாம்மா, பொர்த்ரே. பெரிய வெள்ளைத்துணி. அதுலதான்.”

“வெள்ளைத்துணியா?”

“ஆமா. மதாம்தான் சொன்னாங்க, உனுக்கும் சேத்து பொர்த்ரே ஆவட்டும்னு.”

மதாம் என்றது மேரின் மனைவியை. பிரெஞ்சில் பொர்த்ரே என்றால் ஒருவரைப் பார்த்து வரைகிற படம். துணியை இழுத்துக் கட்டி அதில்தான் வரைவார்கள். அம்மாவுக்கு அது எப்படித் தெரியும்? எங்கள் வீடுகளில் போர்த்துவது என்றால் இரண்டுதான். பிணத்துக்குக் கோடித்துணி போர்த்துவார்கள். தாலி அறுத்தவளுக்கு வெள்ளைத்துணி போர்த்துவார்கள். மேருக்கு நேரம் சரியில்லை, பதவி போகப்போகிறது, யாரோ பரிகாரம் சொல்லியிருக்கிறார்கள் என்று ஏற்கெனவே ஊருக்குள் பேச்சு. அம்மா இரண்டையும் முடிச்சுப் போட்டாள். “அவங்க வூட்டு தோஷத்தை எம்பொண்ணு தலையில போர்த்தப் பாக்கறாங்க” என்று ஒரே சத்தம். மறுநாள் அக்கா வேலைக்குப் போகவில்லை. அதற்கப்புறம் போகவே இல்லை. அடுத்து வந்த வைகாசியிலேயே திண்டிவனம் பக்கம் கட்டிக்கொடுத்துவிட்டார்கள்.

பொர்த்ரே என்றால் என்னவென்று எனக்குத் தெரிந்தது நான் மில்லில் சேர்ந்த பிறகு. பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த ஒரு சொல்தா எங்கள் தெருவில் இருந்தார். சுவரில் மாட்டியிருந்த தன் படத்தைக் காட்டி, “பார்த்தியா என் பொர்த்ரே” என்றார். வீட்டுக்கு ஓடி அம்மாவிடம் சொன்னேன். அக்கா போய் ஏழெட்டு வருடம் ஆகியிருந்தது. அம்மா முறத்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பொறுக்கி முடித்த அரிசியை மறுபடி முதலிலிருந்து பொறுக்கினாள்.

“மாமா, டீ ஆறிப்போச்சு. வாங்க” என்று கோதண்டம் இழுத்தான்.

ரெட்டியார்பாளையத்திலிருந்து கடற்கரைப் பக்கம் ஐந்து கிலோமீட்டர். ஆட்டோக்காரர் இருநூற்றைம்பது கேட்டார், இருநூறுக்கு வந்தார். பஸ் ஸ்டாண்டிலிருந்து போனால் நூறு ரூபாய்க்கு மேல் கொடுக்காதீர்கள். இடத்தைச் சொன்னதும் அவர் சிரித்தார்.

“போட்டோ எடுக்கவா பெருசு? மஞ்ச சுவரு முன்னாடி நின்னு எல்லாரும் எடுத்துக்கறாங்களே?”

“இல்லப்பா. எடுத்து வெச்சத பாக்க.”

“அதுக்கா இவ்ளோ அவசரம்? ஆட்டோ ஓடும்போதே எறங்கிடுவீங்க போல. கால உள்ள வைங்க.”

பெரிய வாய்க்காலைத் தாண்டியதும் தெரு மாறிவிடும். சத்தம் குறையும். கட்டடம் கண்காட்சிக்கு என்று பழுது பார்த்த ஒரு பழைய வீடு. காலை பத்து முதல் ஒன்று, மாலை மூன்று முதல் ஆறு. திங்கள் விடுமுறை. நுழைவு முப்பது ரூபாய், அறுபது தாண்டியவர்களுக்கு இல்லை, ஆதார் காட்ட வேண்டும். வாசலில் நாலு படி, பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது. எங்களைப் போன்றவர்கள் துணைக்கு ஆள் வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் நுழைந்தபோது மணி பதினொன்று பத்து.

பொறுப்பில் இருக்கிற அம்மாளின் பெயர் ஜெர்மேன். ஐம்பத்தைந்து வயதிருக்கும். நரைத்த முடியைக் கழுத்தோடு வெட்டியிருக்கிறார், கைத்தறிப் புடவை. அவர் அப்பாவும் ஒரு சொல்தாவாம். மேர் வீட்டுப் படம் எங்கே என்று கேட்டேன். “ரெண்டாவது கூடம் ஐயா. ஆனா இத்தாலியப் பாத்துட்டுப் போனாத்தான் அது புரியும்” என்றார். எனக்கு இத்தாலி வேண்டாம். ஆனால் வழியே அந்தக் கூடத்துக்குள் புகுந்துதான் போகிறது.

அசல் படங்கள் இல்லை. அசல் அளவுக்கு அச்சடித்துச் சட்டம் போட்டவை. இருந்தாலும் நன்றாக இருக்கின்றன. நின்று பார்க்க வேண்டியவை, நான் நின்று பார்க்கவில்லை. நீங்கள் அவசியம் ஒரு மணிநேரம் ஒதுக்குங்கள். ஃப்ளோரன்ஸ் என்று ஓர் ஊர். அங்கே வட்டிக்கு விட்டு மேலே வந்த ஒரு குடும்பம் ஊரையே கையில் வைத்திருந்ததாம். ராஜா என்று பட்டம் கட்டிக்கொள்ளாமலே ஆண்டார்களாம். கிரீடம் இல்லாதவன் ஆளுகிறான் என்று ஊருக்கு எப்படித் தெரியும்? படம் வரைந்து மாட்டினார்கள்.

ஒரு சின்னப் பெண் பக்கவாட்டில் நின்று எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள். கழுத்தில், தலையில் எல்லாம் முத்து. “இது ஏம்மா நம்மள பாக்க மாட்டேங்குது?” என்று கேட்டான் கோதண்டம்.

“கல்யாணத்தை ஒட்டி வரையற படம். நேரா பாத்தா அடக்கம் இல்லன்னு நெனச்சாங்க. நகை பூரா மாப்பிள்ளை வீட்டுது. அவங்க வீட்டுக்கு என்ன வந்துச்சு, எவ்ளோ வந்துச்சுன்னு ஊருக்குக் காட்டணும்ல?”

“அப்ப இது பொண்ணு படம் இல்ல, சீர்வரிசைப் படம்னு சொல்லுங்க.”

அந்த அம்மாள் சிரித்துவிட்டார். அடுத்தது குழந்தை யேசுவைப் பார்க்க ராஜாக்கள் ஊர்வலமாகப் போகிற படம். அந்த ஊர்வலத்தில் குதிரைமேல் போகிறவர்களின் முகங்கள் அந்தக் குடும்பத்து அப்பன், மகன், பேரன் முகங்களாம். கோதண்டம் கையைத் தட்டினான். “நம்ம வட்டச் செயலாளரு கும்பாபிஷேக பேனர்ல சாமி பக்கத்துல நிக்கற மாதிரி! சாமி கொஞ்சம் சின்னதா இருக்கும், இவரு பெருசா இருப்பாரு.”

“அதேதான்” என்றார் ஜெர்மேன். “எதிர்த்தவங்க இருந்தாங்கன்னா அவங்களையும் வரைவாங்க. ஊர்ச் சுவத்துல, தலைகீழா தொங்கற மாதிரி. அப்புறம் ஆட்சி மாறும். சுண்ணாம்பு அடிச்சு மூடிடுவாங்க.”

அது எனக்கும் பழக்கம்தான். தேர்தலுக்குத் தேர்தல் எங்கள் மில் சுவரில் ஒரு சின்னத்தின்மேல் இன்னொரு சின்னம் எழுதுவார்கள். மழை பெய்தால் அடியில் இருப்பது லேசாக எட்டிப்பார்க்கும். ஆனால் அதையெல்லாம் பேச எனக்கு நேரமில்லை. “அம்மா, மேர் படம்” என்றேன். மூன்றாவது தடவையாகக் கேட்கிறேன் என்று கோதண்டம் சொன்னான்.

இரண்டாவது கூடத்தில் ஏழெட்டுப் படங்கள், இவை அசல். கடைசிச் சுவர் முழுக்க மேர் வீட்டுப் படம். ஆள் உயரத்துக்கு மேலே இருக்கிறது. முழுசாகப் பார்க்க என் கண்ணால் ஆகாது. துண்டு துண்டாகத்தான் பார்த்தேன். மேரின் செருப்பு. நாற்காலிக் கால். மதாமின் பட்டுப்புடவைக் கரை. அக்கா சொல்லியிருந்தாள், “நான் சோத்துக்கை பக்கம் நிக்கறேன்டா” என்று. எழுபது வருடமாக அந்தப் படத்தை அப்படித்தான் மனசில் மாட்டிவைத்திருக்கிறேன். சோற்றுக்கைப் பக்கம் நகர்ந்தேன். ஒரு பெண்ணின் புடவை தெரிந்தது. மெல்ல மேலே போனேன். கழுத்து. தாடை. முகம்.

வட்ட முகம். நல்ல கண். லேசாகச் சிரிக்கிற மாதிரி. “அக்கா” என்று சொல்லிவிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்து குழாயும் மங்கிப்போயிற்று. துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். பார்க்கப் பார்க்க ஏதோ ஒட்டவில்லை. மூக்கு இவ்வளவு கூராகவா இருந்தது? எழுபது வருடத்தில் நான்தான் மறந்துவிட்டேனோ என்று என்னையே சந்தேகப்பட்டேன். காதில் வைரத்தோடு. அக்காவுக்கு ஏது வைரத்தோடு? வரைகிறவர் போட்டுவிட்டிருப்பார் என்று அதற்கும் ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

கோதண்டம் அடியிலிருந்த பலகையை மெதுவாகப் படித்தான். பிறகு என் தோளில் கைவைத்தான். “மாமா, இது மேரோட பொண்ணு.”

“போடா. சோத்துக்கை பக்கம்னு அவளே சொன்னா.”

“அக்கா படத்துக்குள்ள நின்னுக்கிட்டு சொல்லுது மாமா. அதோட சோத்துக்கை நமக்கு பீச்சாங்கை.”

அவன் சொன்னது சரி. இந்தச் சின்ன விஷயம் எழுபது வருடமாக எனக்குத் தோன்றியதில்லை. யாரோ பணக்கார வீட்டுப் பெண்ணைப் பார்த்து அழுதிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. விறுவிறுவென்று இடது பக்கம் போனேன், கோதண்டம் பிடிப்பதற்குள்.

முதலில் தாம்பாளம் தெரிந்தது. வெள்ளி. அதில் வெற்றிலையும் ஒரு ரோஜாவும். அதை ஏந்திய கை. கண்ணாடி வளையல். மணிக்கட்டுக்கு மேலே பச்சை குத்திய ஒரு தேள். அந்தத் தேளின் கொடுக்கு வளையாமல் நேராக இருந்தது. பச்சை குத்த வந்த அம்மாள் ஊசியை வைத்ததும் அக்கா வெடுக்கென்று கையை இழுத்துவிட்டாள். கொடுக்கு நேராகப் போய்விட்டது. “தேள் இல்லடி இது, கரண்டி” என்று தெருவே கேலி பண்ணும். படம் வரைந்த மனுஷன் அதைக்கூட விடாமல் வரைந்திருக்கிறார்.

கையிலிருந்து மேலே போனேன். தோள். அதற்கு மேலே வெள்ளைத்துணி.

துணிதான். முக்காடு போல தலையிலிருந்து இறங்கி, முகத்தை முழுக்க மூடி, தாடைக்குக் கீழே வந்து நின்றது. மேலே பார்த்தேன், கீழே பார்த்தேன். எங்கேயும் முகம் இல்லை. அவளைப் போர்த்தியிருந்தார்கள்.

“என்னா எழுதியிருக்குது, படி” என்றேன்.

கோதண்டம் தயங்கினான். “வேணாம் மாமா.”

“படிடா.”

“வெள்ளித் தாம்பாளத்துடன் வீட்டு விதவைப் பணிப்பெண்.”

நான் என்ன சத்தம் போட்டேன் என்று எனக்கு ஞாபகமில்லை. ஜெர்மேன் அம்மாள் ஓடி வந்தார். பக்கத்தில் நின்ற ஒரு வெளியூர்க் குடும்பம் விலகிப் போயிற்று. முகம் இல்லை, சரி. அதைத் தாங்கிக்கொண்டிருப்பேன். ஆனால் விதவை? என் அக்கா பூவும் பொட்டுமாகப் போனவள். அவள் புருஷன் உயிரோடு நின்று கொள்ளி வைத்தார். கூறைப்புடவை போர்த்தி, மஞ்சள் பூசித்தான் அனுப்பினோம். அம்மா எதற்குப் பயந்து அவளை அந்த வீட்டிலிருந்து இழுத்து வந்தாளோ, அதே வெள்ளைத்துணி, அதே பட்டம், சட்டம் போட்டு, மூன்று பாஷையில்.

அந்த அம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பொர்த்ரே, போர்த்துவது, அம்மா, தேள் எல்லாம். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். “எனக்கும் அந்த வளையல் உறுத்திக்கிட்டே இருந்துச்சு ஐயா. விதவைக்கு எப்படிக் கண்ணாடி வளையல்னு. ஆனா படம் குடுத்த குடும்பம் எழுதிக் குடுத்தது இது. நான் மாத்தல” என்றார். பிறகு உள்ளே போய் ஒரு டார்ச் லைட் கொண்டுவந்தார். கூடத்து விளக்கை அணைத்துவிட்டு, படத்துக்கு நேராகப் பிடிக்காமல், சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தார்.

முதலில் மேர் போட்டிருந்த கோட்டைக் காட்டினார். நெஞ்சில் அங்கவஸ்திரத்து மடிப்புக்கு அடியில், வட்டமாக ஒரு மேடு. “இது பிரெஞ்சுக்காரங்க குடுத்த மெடல். அவங்க போனதும் மேர் இந்தியா பக்கம் வந்துட்டார். மெடலுக்கு மேல துணி வரைஞ்சிட்டாங்க.” அப்புறம் வெளிச்சத்தை அக்கா பக்கம் கொண்டுபோனார். வெள்ளைத்துணிக்கு அடியிலிருந்தும் வண்ணம் மேடுதட்டி எழும்பியது. ஒரு நெற்றி மாதிரி. மூக்குத்தண்டு மாதிரி. மூக்கின் ஓரத்தில் ஒரு பொட்டு மேடு. மூக்குத்தியாக இருக்கலாம்.

“முகம் வரைஞ்சிருக்கார் ஐயா. கொஞ்சமாவது வரைஞ்சிருக்கார். அப்புறம் மூடியிருக்கார். பாதியில பொண்ணு வராததால மூடினாரோ, வீட்டுக்காரங்க சொல்லி மூடினாரோ, தெரியாது.”

“எடுக்க முடியுமாம்மா? அந்தத் துணிய?”

“முடியும். அதுக்குப் படிச்சவங்க இருக்காங்க. ஆனா வீட்டுக்காரங்க சம்மதிக்கணும்.” கடிகாரத்தைப் பார்த்தார். “மேரோட பேரன் இப்ப வருவார். நீங்களே கேளுங்க.”

உட்காரச் சொன்னார்கள். நான் உட்காரவில்லை. வாசலுக்கும் படத்துக்கும் நடந்துகொண்டே இருந்தேன். பன்னிரண்டரை சுமாருக்கு வந்தார். அறுபது வயது, வெள்ளை வேட்டி சட்டை, கூட இரண்டு பேர். தேர்தலில் நிற்கப் போகிறாராம். தாத்தா படத்தின் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்ள வந்திருந்தார். மரியாதையான மனுஷர்தான், குறை சொல்ல மாட்டேன். நான் சொன்னதை நின்று கேட்டார்.

“எங்க ஆயா, தாத்தாவோட சம்சாரம், சொல்லித்தான் பெரியவரே எங்களுக்குத் தெரியும். வூட்ல ஒரு விதவை இருந்துச்சுன்னு.”

“இல்லீங்க. அது எங்க அக்கா. விதவை இல்ல.”

“சரி, ஒரு வார்த்தைதானே.”

“வார்த்தைதாங்க. அதத்தான் எடுக்கச் சொல்றேன்.”

அவர் கூட வந்தவர்களைப் பார்த்துச் சிரித்தார். ஜெர்மேன் அம்மாள் துணியை எடுப்பது பற்றிச் சொன்னார். அவருக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. “ஒன்ன தொடைச்சா இன்னொன்னையும் தொடைக்கச் சொல்வீங்க. தாத்தா நெஞ்சுல மெடல் வந்தா எலெக்‌ஷன் நேரத்துல எதிர்க்கட்சிக்காரன் என்னா பேசுவான்? வேணாம் மதாம். படம் இருக்கறபடி இருக்கட்டும்.”

“அந்த வார்த்தைங்க?” என்றேன் நான்.

“பாக்கலாம் பெரியவரே” என்றார். போட்டோ எடுத்தார்கள். அவர் படத்துக்கு இடது பக்கம் நின்றதால் அக்காவின் தாம்பாளம் அவர் தோளுக்குப் பின்னால் மறைந்துவிட்டது. கிளம்பிப் போனார்.

அந்த வீட்டார் ‘பாக்கலாம்’ என்றால் என்ன அர்த்தம் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அப்பாவுக்கு ஒரு வீட்டு மனை கேட்டபோது மேரும் அதைத்தான் சொன்னார். “வாடா, போவலாம்” என்று கோதண்டத்தைக் கூப்பிட்டேன். வாசல்படி வரை வந்துவிட்டேன்.

“ஐயா, இருங்க” என்று பின்னாலிருந்து குரல். ஜெர்மேன் அம்மாள் கையில் கத்தரிக்கோலும் வெள்ளை ஒட்டுத்தாளும். “அவர் வேணாம்னு சொன்னது படத்தைத் தொடைக்கறதுக்கு. பலகைக்குப் பாக்கலாம்னுதானே சொன்னார்? பாக்கற வரைக்கும் இது இருக்கட்டும்.”

தாளைச் சின்னச் சின்னப் பட்டையாக வெட்டினார். தமிழில் ஒன்று, பிரெஞ்சில் ஒன்று, இங்கிலீஷில் ஒன்று. அந்த வார்த்தைமேல் மட்டும் ஒட்டினார். கோதண்டம் மறுபடி படித்தான். “வெள்ளித் தாம்பாளத்துடன் வீட்டு... பணிப்பெண்.” வார்த்தை இருந்த இடத்தில் ஒரு மூச்சு விட்டுப் படித்தான்.

“பேரு என்ன சொன்னீங்க ஐயா?”

“செங்கேணி.”

தமிழ்ப் பட்டைமேல் பென்சிலால் எழுதினார். மையால் எழுதினால் கேள்வி வரும் என்றார். எனக்குப் படிக்கத் தெரியாது. என் விரலைப் பிடித்து அந்த எழுத்துகள்மேல் வைத்தான் கோதண்டம். பென்சில் எழுத்து விரலுக்குத் தெரியாது. பட்டையின் ஓரம் மட்டும் தெரிந்தது.

வெளியே வந்தபோது ஒரு மணி. கடற்கரைக்குப் போகலாமா என்று கோதண்டம் கேட்டான். வேண்டாம் என்றேன். பஸ்ஸில் திரும்பி வரும்போது உட்கார்ந்தேன், ஆனால் நிம்மதியாக இல்லை. இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதும் இல்லை. அந்த ஊர் ஈரக்காற்றுக்கு ஒட்டுத்தாள் எத்தனை நாள் நிற்கும்? பேரன் ‘பார்த்து’விட்டாரா? முகம் இன்னும் துணிக்கு அடியில்தான் இருக்கிறது. இப்போது கண்ணை மூடினால் என் ஞாபகத்திலிருந்த முகத்தோடு மேர் பெண்ணின் முகமும் வந்து கலந்துகொள்கிறது. அதை விலக்குவது தனி வேலையாகிவிட்டது. தேள் மட்டும் கலங்காமல் நிற்கிறது.

போகிறவர்களுக்குச் சில விஷயம். பங்குனி கடைசி வரைக்கும் கண்காட்சி இருக்கும் என்றார்கள். சனி, ஞாயிறு வேண்டாம், அந்தத் தெருக்களில் ஆட்டோ நுழையாது. காலையில் போங்கள், கூட்டம் இருக்காது. தண்ணீர் பாட்டில் உள்ளே விடமாட்டார்கள், வாசலில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். கழிப்பறை சுத்தம். இத்தாலிக் கூடத்தை என்னைப் போல ஓடிக் கடக்காதீர்கள். யார் பக்கத்தில் யாரை நிற்கவைத்திருக்கிறார்கள், எந்த இடத்தில் வண்ணம் தடித்திருக்கிறது என்று பாருங்கள். ஜெர்மேன் அம்மாளிடம் டார்ச் லைட்டைக் கேளுங்கள், தயங்காமல் கொண்டுவருவார். பக்கவாட்டில் பிடிக்கச் சொல்லுங்கள்.

மேர் வீட்டுப் படத்தில் அவள் நமக்கு இடது பக்கம். பலகையில் அந்த வெள்ளைப் பட்டை இருக்கிறதா என்று பாருங்கள். ஓரம் எழும்பியிருந்தால் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்திவிட்டு வாருங்கள்.